யாரி ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ஃபாக்ஸ் 36 ஃபேக்டரி வாங்கலாமா? சராசரி ஓட்டுநருக்கு உயர்ரகச் சஸ்பென்ஷனால் பயன் உண்டா?

தேயிலைத்தடம்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டப் பாதைகளில் வார இறுதிகளில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. பெரிய தாவல்களும் எனக்கு வராது. ஆனால் கல்லும் வேரும் நிறைந்த இறக்கங்கள் மிகவும் பிடிக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய முழுச் சஸ்பென்ஷன் வண்டி. முன்னால் 150 மில்லிமீட்டர் டிராவல் (அமுங்கும் தூரம்) கொண்ட ராக்‌ஷாக்ஸ் யாரி ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை; பின்னால் காற்றால் அதிர்வைத் தாங்கும் ஏர் ஷாக்.

குறை இதுதான். கற்கள் வரிசையாக வரும் இடங்களில் முன்சக்கரம் தடதடவென்று கையை உதறுகிறது. நீண்ட இறக்கம் முடியும்போது விரல்கள் மரத்துவிடுகின்றன. இத்தனைக்கும் எவ்வளவு அமுங்கியது என்று காட்ட ஃபோர்க்கின் மேல் குழாயில் உள்ள ரப்பர் வளையம் கடைசி 40 மில்லிமீட்டருக்குள் ஒருபோதும் போனதே இல்லை. ஃபாக்ஸ் 36 ஃபேக்டரி அல்லது ராக்‌ஷாக்ஸ் லிரிக் அல்டிமேட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடன் ஓட்டும் நண்பர் சொல்கிறார். இரண்டுமே ஆயிரம் டாலரை ஒட்டிய அல்லது அதைத் தாண்டிய விலை. வரியும் அனுப்பும் செலவும் தனி. என்னைப் போன்ற ஒருவருக்கு அந்தப் பணத்திற்கு ஈடான பயன் கிடைக்குமா, அல்லது பாதிப் பயனைக்கூட உணராமல் வைத்திருப்பேனா என்பதுதான் என் கேள்வி.

எண்ணெய்க்கை:

வணக்கம். கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபோர்க், ஷாக் சர்வீஸ்தான் என் வேலையில் பெரும்பகுதி. வாங்கலாமா என்பதற்கு முன் அந்தப் பணத்தில் எதை வாங்குகிறீர்கள் என்று பிரித்துப் பார்ப்போம்.

ஃபோர்க் என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை: மேல் குழாய்களும் அவை இறங்கும் கீழ்ப்பகுதியான லோயரும் சேர்ந்த உடற்கூடு, உங்கள் எடையைத் தாங்கும் ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் எண்ணெயின் தடையால் கட்டுப்படுத்தும் டேம்பர். விலை ஏணியில் முதல் படிதான் மிகப் பெரியது. மலிவான வண்டிகளில் வரும் காயில் ஸ்பிரிங் ஃபோர்க்குகள் பலவற்றில் டேம்பர் என்று சொல்லத்தக்க எதுவும் இருப்பதில்லை. எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை மாற்றவும் வழியில்லை. கல்லில் அடித்தால் அமுங்கிய வேகத்திலேயே திருப்பி உதைக்கும். அங்கிருந்து ஏர் ஸ்பிரிங்கும் முறையான ரீபவுண்ட் (மீளும் வேகம்) கட்டுப்பாடும் உள்ள ஃபோர்க்குக்கு வருகிறவர் எத்தனை புதியவராக இருந்தாலும் முதல் இறக்கத்திலேயே வேறுபாட்டை உணர்ந்துவிடுவார். அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் பயன் சிறுத்துக்கொண்டே போகிறது, விலையோ அப்படிச் சிறுப்பதில்லை.

நீங்கள் ஏற்கெனவே அந்த முதல் படியைத் தாண்டி நிற்கிறீர்கள். யாரியும் அதே காலத்து லிரிக்கும் ஒரே உடற்கூடு. இரண்டிலும் 35 மில்லிமீட்டர் மேல் குழாய்கள்தாம். வேறுபாடு முக்கியமாக டேம்பரில் இருக்கிறது: யாரியில் மோஷன் கன்ட்ரோல், லிரிக்கில் சார்ஜர். ஃபாக்ஸின் பக்கம் பார்த்தாலும் இதே கதைதான். பெர்ஃபார்மன்ஸ் எலைட் என்ற பெயரில் வருவதற்கும் ஃபேக்டரி என்ற பெயரில் வருவதற்கும் உள்ளே டேம்பர் ஒன்றே. பொன்னிறக் காஷிமா பூச்சு ஃபேக்டரியில் மட்டும் உண்டு. ஜப்பானின் மியாகி நிறுவனம் செய்யும் அந்தப் பூச்சு, அலுமினியத்தின் மேல் கடினமான ஆனோடைசிங் செய்து, அதன் நுண்துளைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடை நிரப்புவது. உராய்வு குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்வீஸ் பார்க்காத சீல் அதற்குப் பல மடங்கு உராய்வைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். 2018ல் மறுபடி வந்த மார்சோக்கி பாம்பர் இசட்1 ஃபோர்க்கும் ஃபாக்ஸ் 36ன் உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டதே. ஃபாக்ஸ் 2015லேயே மார்சோக்கியின் சைக்கிள் பிரிவை வாங்கிவிட்டது. இசட்1ல் எடை சற்றுக் கூடுதல், திருகிச் சரிசெய்யும் குமிழ்கள் குறைவு, விலையும் குறைவு.

இனி என் கேள்விகள். உங்கள் எடை என்ன? ஃபோர்க்கில் எத்தனை பிஎஸ்ஐ காற்று? உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது, அதாவது சாக் எவ்வளவு? காற்று அறையின் இடத்தைக் குறைக்கும் டோக்கன்கள் உள்ளே எத்தனை? ரீபவுண்ட் எந்த நிலையில்? டயரில் எத்தனை பிஎஸ்ஐ? லோயரைக் கடைசியாக எப்போது கழற்றினார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் வந்தால், ஃபாக்ஸ் பக்கத்தை மூடிவைத்துவிடுங்கள்.

வடகரைமழை:

நான் வான்கூவரில் வசிக்கிறேன். நார்த் ஷோர் மலைகளில் ஓட்டுகிறேன், கோடையில் விஸ்லர் பைக் பார்க்குக்கும் போவதுண்டு. எண்ணெய்க்கை ஐயா சொன்ன படிகளின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் சராசரி ஓட்டுநருக்கு மேல் படிகள் பயன்படா என்ற முடிவு அதிலிருந்து வந்துவிடாது என்று நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படுவது, வேகமாக ஓட்டுகிறவருக்குத்தான் நல்ல டேம்பர் தேவை என்பது. நான் பார்க்கும் வரை அது தலைகீழ். தேர்ந்த ஓட்டுநர் வேரை முன்கூட்டியே பார்த்து முன்சக்கரத்தை லேசாக்கித் தாண்டிவிடுகிறார். முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நீட்டி, சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கைத் தாமே செய்துகொள்கிறார். சராசரி ஓட்டுநரோ தவறான இடத்தில் பிரேக் பிடித்து, உடலை இறுக்கி, வேரின் மேல் நேராகப் போய் மோதுகிறார். ஃபோர்க்கிடம் மன்னிப்பு எதிர்பார்க்கிறவர் அவர்தான். மோஷன் கன்ட்ரோல் போன்ற எளிய டேம்பரில், சதுர விளிம்புள்ள கல்லில் திடீரென்று மோதும்போது எண்ணெய் சிறு துளைக்குள் நெரிந்து போவதால் ஒரு கணம் கெட்டியாகிவிடுகிறது. அந்தக் கணத்தில்தான் கை அதிர்கிறது. நல்ல டேம்பரில் அடுக்கிய மெல்லிய தகடுகள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். மோதல் வலுக்க வலுக்க வழியும் அகலும்.

இரண்டாவது, சோர்வு. விஸ்லரில் ஏ-லைன் போன்ற பாதையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் பிரேக் பிடித்துப் பிடித்து வளைவுகளின் வாயில் மேடுபள்ளங்கள் உருவாகியிருக்கும். லிஃப்டில் ஏறி நாள் முழுவதும் இறங்கினால் பிற்பகலில் முன்கை இறுகி, பிரேக் லீவரைப் பிடிக்கவே விரல்கள் மறுக்கும். விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழுகிறார்கள். கையை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்கவைக்கும் ஃபோர்க், நேரத்தைக் குறைக்காவிட்டாலும் எலும்பைக் காப்பாற்றும். குன்னூரிலும் விரல் மரத்துப்போகிறது என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்?

செம்மண்சக்கரம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1990ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துராங்கோ நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டு ஓட்டியது ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க் பூட்டிய வண்டி. அதன் டிராவல் 50 மில்லிமீட்டருக்கும் குறைவு. அன்றைய கணக்கில் அதுவே அதிசயம். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் எந்த ஏர் ஃபோர்க்கும் அந்த உலகச் சாம்பியன் பிடித்திருந்ததைவிட எல்லா வகையிலும் மேலானது. அப்படியிருக்க, வாரம் ஒருமுறை தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுகிறவருக்கு யாரி போதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நான் ஹார்டுடெயில் ஓட்டுகிறேன். பின்னால் சஸ்பென்ஷனே இல்லை என்பதால் எங்கே கால் மடக்க வேண்டும், எங்கே வண்டியை விட்டுவிட வேண்டும் என்று உடல் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றலை ஆயிரம் டாலர் கொடுத்துத் தள்ளிப்போடுவானேன்?

வடகரைமழை:

ஹெர்போல்டு ஓட்டிய பாதையையும் இன்றைய பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த ஒப்பீடு நிற்காது. 1990ல் இறங்கியதற்கும் இன்று ஒரு சாதாரண பைக் பார்க்கில் நடுத்தரப் பாதை என்று பெயர்ப்பலகை வைத்திருப்பதற்கும் தொடர்பே இல்லை. வண்டிகள் மாறியதால் பாதைகள் மாறின. பாதைகள் மாறியதால் சராசரி என்பதும் மாறிவிட்டது.

இலகுவெயிட்:

இந்த விவாதத்தில் சராசரி ஓட்டுநர் என்று சொல்லும்போது எல்லோர் மனத்திலும் 75, 80 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர்தான் இருக்கிறார். எழுதுகிறவர்கள் மட்டும் அல்லர்; டேம்பரை வடிவமைக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய அவர்தான் அளவுகோல். நான் பெங்களூரில் துரஹள்ளிக் காட்டின் பாறைகளில் ஓட்டுகிறேன். என் எடை 52 கிலோ. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஏர் ஸ்பிரிங்கின் சிறப்பு, எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது. ஆனால் காற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் மீளும் விசையும் குறைகிறது. குறைந்த விசைக்குக் குறைந்த ரீபவுண்ட் தடையே போதும். பல நடுத்தர ஃபோர்க்குகளில் ரீபவுண்ட் குமிழை முழுவதும் திறந்துவிட்டாலும் என் எடைக்கு அது மெதுவாகத்தான் மீள்கிறது. தொடர்ந்து வரும் கற்களில் ஒவ்வொரு அடிக்கும் ஃபோர்க் முழுதாக எழும்பும் முன் அடுத்த அடி விழ, அது கீழேயே தங்கித் தங்கி, கடைசியில் 150 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் பாதிகூட மிச்சமில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். கம்ப்ரஷனிலும், அதாவது அமுங்கும்போதும், இதே சிக்கல்: எளிய டேம்பரில் உள்ள அடிப்படைத் தடை 80 கிலோ ஆளை நினைத்து வைத்தது, குமிழைத் திறந்த பிறகும் அது அங்கேதான் இருக்கும். உராய்வும் அப்படியே. சீல் அசையத் தேவையான விசை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த விசை என் எடையில் எத்தனை பங்கு, 80 கிலோக்காரர் எடையில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

ஆகவே திறமை எனக்குச் சராசரிதான் என்றாலும், சரிசெய்யும் எல்லை அகலமாக உள்ள டேம்பர் எனக்கு ஆடம்பரம் அன்று. என் வண்டியின் பின் ஷாக்கைத் திறந்து, உள்ளே உள்ள தகடுகளின் அடுக்கை என் எடைக்கு ஏற்ப மாற்றித் தரும்படி ஒருவரிடம் கொடுத்தேன். மாறி வந்த பிறகு அதே சட்டம் வேறு வண்டிபோல் ஓடுகிறது. புதிய ஷாக்கின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். தேயிலைத்தடம் அவர்களே, உங்கள் எடையைச் சொல்லாமல் இந்த இழை எந்த முடிவுக்கும் வர முடியாது.

தேயிலைத்தடம்:

அனைவருக்கும் நன்றி. என் எடை 58 கிலோ. பையும் தண்ணீரும் சேர்த்தால் 62. ஃபோர்க்கில் 75 பிஎஸ்ஐ. வண்டியை விற்றவர் வைத்த அளவை மாற்றவில்லை. அவர் என்னைவிட நல்ல கனம். சாக் அளந்தேன்: 15 மில்லிமீட்டர்தான் வந்தது. ரீபவுண்ட் நடுவில் இருக்கிறது. டயர்களில் முன்னும் பின்னும் 30 பிஎஸ்ஐ, டியூப்லெஸ். டோக்கன் எத்தனை என்று திறந்து பார்க்கவில்லை. சர்வீஸ் பற்றிய கேள்விக்கு, எண்ணெய்க்கை ஐயா எதிர்பார்த்த பதில்தான்.

ஒரு சந்தேகம். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் வண்டியை வைத்திருக்கிறேன். காற்று அடிப்பதும் அங்கேதான், பிறகு வண்டியைக் காரில் ஏற்றி மேலே கொண்டுபோகிறேன். உயரம் போகப் போக ஃபோர்க் கெட்டியாகும் என்று படித்தேன். அதுவும் ஒரு காரணமா?

அழுத்தமானி:

உயரத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்; கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம் அது.

மேட்டுப்பாளையம் சமவெளியில் இருக்கிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ குறைகிறது. ஃபோர்க்கின் உள்ளே அடைத்த காற்று மாறாமல் இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு, அதாவது பம்பின் முள் காட்டும் அளவு, 3 பிஎஸ்ஐ ஏறும். ஆனால் மலையில் குளிரும் உண்டு. கீழே 32 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்தால், 75 பிஎஸ்ஐ அடைத்த ஸ்பிரிங் குளிர்ந்து சுமார் 5 பிஎஸ்ஐ இழக்கிறது. ஏறியதையும் இறங்கியதையும் கூட்டினால் மிஞ்சுவது ஓரிரண்டு பிஎஸ்ஐ இறக்கம். உங்கள் குன்னூருக்கு இரண்டு எண்களுமே இன்னும் சிறியவை. எனவே ஸ்பிரிங் கெட்டியாவதற்கு மலை காரணம் இல்லை.

காரணமாகக்கூடியது வேறொன்று: லோயருக்குள் சிக்கிய காற்று. அது ஸ்பிரிங்கின் காற்று அன்று. சீலுக்குக் கீழே, எண்ணெயின் மேல் வெறுமனே அடைபட்டிருப்பது. மேலே போகும்போது அது வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் நிற்கும். ஃபோர்க் அமுங்கும்போது அந்தச் சிறிய இடம் மேலும் சுருங்கி இரண்டாவது ஸ்பிரிங்போல் எதிர்த்து நிற்கும். ஃபாக்ஸ் 36ன் புதிய தலைமுறையில் லோயரின் பின்புறம் சிறு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தக் காற்று வெளியேறும். யாரியில் அது இல்லை. அதற்காக ஆயிரம் டாலர் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைத் தூசி சீலின் கீழ் மெதுவாக நுழைத்தால் உஸ் என்று காற்று போய்விடும். முனையை உருட்டிவிட்டு நுழையுங்கள், இல்லையென்றால் சீலைக் கீறும்.

குமிழ்களைப் பற்றியும் ஒரு சொல். உயர்ரக ஃபோர்க்கில் ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு என்று கம்ப்ரஷனுக்கு இரண்டு, சிலவற்றில் ரீபவுண்டுக்கும் இரண்டு என நான்கு குமிழ்கள் வருகின்றன. அந்த வேகம் வண்டியின் வேகம் அன்று, ஃபோர்க் அமுங்கும் வேகம். நடக்கும் வேகத்தில் போய்ச் சதுரக் கல்லில் மோதினால் அது ஹை ஸ்பீடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வழுவழுப்பான வளைவில் வண்டியை அழுத்திச் சாய்த்தால் அது லோ ஸ்பீடு. இது புரியாமல் வேகமாக ஓட்டுகிறேன் என்று ஹை ஸ்பீடு குமிழை இறுக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்த ஃபேக்டரி, யாரியைவிட மோசமாகக் கையை உதறும். ஒவ்வொரு குமிழிலும் பத்தே நிலை என்று வைத்தாலும் நான்கு குமிழ்களுக்குப் பத்தாயிரம் சேர்க்கைகள். அவற்றில் நன்றாக ஓடும் சில சேர்க்கைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையும் சேர்த்து வாங்க வேண்டும்.

எண்ணெய்க்கை:

அழுத்தமானி சொன்னதற்கு மேல் சேர்க்க எனக்குச் சிறிதே இருக்கிறது. 150 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 15 மில்லிமீட்டர் சாக் என்றால் 10 விழுக்காடு. இந்த வகை ஓட்டத்திற்கு 20 விழுக்காட்டை ஒட்டி, அதாவது 30 மில்லிமீட்டர் வர வேண்டும். நீங்கள் இதுவரை யாரியை ஓட்டவில்லை. அதன் மேல் பகுதியை மட்டும் ஓட்டியிருக்கிறீர்கள். கடைசி 40 மில்லிமீட்டர் தொடப்படாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. உள்ளே டோக்கன்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை கடைசிப் பகுதியைக் கெட்டியாக்குவதற்கு, கனமானவர்களுக்கும் தாவுகிறவர்களுக்கும் பயன்படுபவை.

டயர்: 62 கிலோவுக்கு 30 பிஎஸ்ஐ மிக அதிகம். முன்னால் 20, பின்னால் 23 என்று தொடங்கிப் பாருங்கள். சக்கரத்தின் ரிம் கல்லில் இடித்தால் ஒன்றிரண்டு ஏற்றுங்கள். சின்னக் கற்களின் அதிர்வை முதலில் வாங்குவது டயர்தான், ஃபோர்க்குக்கு அது இரண்டாவதாகத்தான் வருகிறது. எந்த டேம்பரும் 30 பிஎஸ்ஐ டயரை மென்மையாக்கிவிடாது.

சர்வீஸ்: ராக்‌ஷாக்ஸ் லோயர் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சொல்கிறது, டேம்பர் சர்வீஸை 200 மணிக்கு ஒருமுறை. ஃபாக்ஸின் முழுச் சர்வீஸ் 125 மணி அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. லோயரில் ஊற்றுவது சில மில்லிலிட்டர் எண்ணெய்தான்; அது வற்றிவிட்டால் பஞ்சு வளையங்கள் காய்ந்து, குழாய் உலோகத்தில் உரசியே இறங்கும். என் பட்டறைக்கு வரும் விலையுயர்ந்த ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் லோயரிலிருந்து கரும்பழுப்பில் சேறுபோல் ஒன்று சொட்டும், குமிழ்களோ கடையில் வைத்த இடத்திலேயே இருக்கும். பட்டுச் சேலை எடுத்து வந்து மடிப்புக் கலையாமல் அலமாரியில் பூட்டிவைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உயர்ரகச் சஸ்பென்ஷனால் சராசரி ஓட்டுநருக்குப் பயன் உண்டா என்று கேட்டால், அவர் பராமரிக்கிறவராக இருந்தால் உண்டு என்பதுதான் என் பதில். பராமரிக்கிறவராக இருந்தால் நடுத்தர ஃபோர்க்கே அவருக்கு நன்றாக ஓடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வியாபாரத்திற்கு அது நல்லதல்ல.

வடகரைமழை:

காற்றையும் டயரையும் முதலில் திருத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 20 பிஎஸ்ஐ என்ற அறிவுரையை டயரின் உறை என்ன என்று கேட்காமல் சொல்வது ஆபத்து. மேக்ஸிஸ் டயர்களில் எக்ஸோ என்ற மெல்லிய உறையில் 20 வைத்துக் கல் பாதையில் இறங்கினால் ரிம் அடிபடும் வாய்ப்பு உண்டு. டபுள்டவுன் உறையில் தாங்கும், ஆனால் அது கனமானது. உறை, அகலம், ரப்பரின் மென்மை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு அழுத்தத்தைச் சொல்லுங்கள்.

சரிசெய்யும் முறை பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பழக்கமான ஒரே துண்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு குமிழை ஒரு கோடிக்குத் திருகி ஓட்டுங்கள். பிறகு மறுகோடிக்குத் திருகி ஓட்டுங்கள். இரண்டு கோடிகளும் மோசமாகத்தான் இருக்கும், ஆனால் எப்படி மோசம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். பிறகு நடுவை நோக்கி இரண்டு பக்கமும் சுருக்கிக்கொண்டே வாருங்கள். ரீபவுண்டில் தொடங்குங்கள். குமிழ் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் நண்பரைத் திருகச் சொல்வது இன்னும் நல்லது. பணம் கொடுத்து வாங்கியதை நன்றாக இருக்கிறது என்று நம்பும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. கோடிக்குக் கோடி திருகியும் வேறுபாடு தெரியாதவர் நான்கு குமிழ் ஃபோர்க் வாங்க வேண்டாம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

செம்மண்சக்கரம்:

அதைத்தானே நானும் சொன்னேன்?

வடகரைமழை:

இல்லை. நீங்கள் யாருக்கும் வேண்டாம் என்றீர்கள். நான் வேறுபாடு தெரியாதவருக்கு வேண்டாம் என்கிறேன். தெரிகிறவர்களில் சராசரி ஓட்டுநர்கள் ஏராளம். பந்தய வீரர்களின் அமைப்பைப் பார்த்து உயர்ரகப் பொருளை எடைபோடுவதும் பிழை. உலகக் கோப்பை இறக்கப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களின் ஃபோர்க்கைக் கையால் அமுக்கினால் பலகைபோல் இருக்கும். அந்த வேகத்துக்கு அது வேண்டும். அதே மாதிரி ஃபோர்க்கை என் வேகத்துக்கும் மென்மையாக்க முடிகிறது என்பதுதான் அதன் விலையில் அடங்கியது. மலிவான டேம்பரில் அந்த எல்லை குறுகலானது. இதைத்தான் இலகுவெயிட் வேறு திசையிலிருந்து சொன்னார்.

இலகுவெயிட்:

ஆம், இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். ஆனால் ஒரு வேறுபாடு: வடகரைமழை முழு ஃபோர்க்கையும் வாங்கச் சொல்கிறார், நான் சொல்லவில்லை. உடற்கூடு ஏற்கெனவே கையில் இருக்கும்போது அதையே மறுபடி ஏன் வாங்க வேண்டும்? யாரிக்கும் லிரிக்குக்கும் பொதுவான சார்ஜர் டேம்பர் தனியாக விற்றது. இப்போதும் பழைய இருப்பிலோ, ஃபோர்க் மாற்றியவர்களிடமோ கிடைக்கிறது. பழைய யாரியாக இருந்தால் சோலோ ஏர் ஸ்பிரிங் இருக்கும். 2019 மாடல் முதல் வந்த டெபனேர் காற்றுத் தண்டை அதில் பூட்டலாம். ஃபோர்க் அமுங்கத் தொடங்க உதவும் அதன் எதிர்க்காற்று அறை பெரிது என்பதால் முதல் சில மில்லிமீட்டர்கள் எளிதாக அசையும், இலகுவான ஆளுக்கு அது உடனே தெரியும். ஆண்டையும் டிராவலையும் சரிபார்த்து வாங்குங்கள்.

தேயிலைத்தடம்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், மழை விடாததால் இப்போதுதான் ஓட்ட முடிந்தது.

லோயரைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே எண்ணெய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பஞ்சு வளையங்கள் காய்ந்து கிடந்தன. இரண்டு டோக்கன்கள் இருந்தன, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சாக் 29 மில்லிமீட்டர் வரும்வரை காற்றைக் குறைத்தேன். டயரின் உறை மெல்லியது என்பதால் முன்னால் 22, பின்னால் 25. வடகரைமழை சொன்ன முறையில் ரீபவுண்டைத் தேடியபோது, முழுவதும் திறந்த நிலையிலிருந்து மூன்றாவது சொடுக்கில் வந்து நின்றது. அதற்கு மேல் திறந்தாலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ரப்பர் வளையம் இப்போது கடைசி 15 மில்லிமீட்டர் வரை போகிறது. சின்னக் கற்களின் உதறல் பெரும்பாலும் நின்றுவிட்டது, விரல் மரப்பது குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் மிச்சம்: பழைய எஸ்டேட் படிக்கட்டு ஒன்றில் வேகமாக இறங்கும்போது, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஃபோர்க் ஒரு கணம் இறுகி அடிக்கிறது. மெதுவாக இறங்கினால் இல்லை. கம்ப்ரஷன் குமிழ் முழுவதும் திறந்துதான் இருக்கிறது.

அழுத்தமானி:

வடகரைமழை தொடக்கத்தில் சொன்ன நெரிசல் அதுதான். வேகமாக இறங்கினால் மட்டும் வருகிறது என்றால் ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது, ஆழம்தான் தெரியும். வேகத்துக்கு எதிர்வினை காட்டுவது டேம்பர்.

எண்ணெய்க்கை:

ஒப்புக்கொள்கிறேன். லோயர் சர்வீஸால் தீரக்கூடியது தீர்ந்துவிட்டது; இது மோஷன் கன்ட்ரோலின் வடிவமைப்பில் உள்ள எல்லை. இந்த எல்லையைத் தொட்ட பிறகு செலவு செய்வதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். முழு ஃபோர்க் வேண்டாம். நீங்கள் அடிக்கடி இறங்கும் அந்தப் படிக்கட்டு உங்களுக்கு முக்கியம் என்றால் சார்ஜர் டேம்பரை மட்டும் தேடுங்கள். முக்கியம் இல்லையென்றால் அந்தப் பணத்தில் முன் பிரேக்குக்கு நான்கு பிஸ்டன் காலிப்பரும் 200 மில்லிமீட்டர் டிஸ்க்கும் வாங்குங்கள். விரல் மரப்பதில் மிச்சமிருப்பது பிரேக்கை இறுக்கிப் பிடிப்பதால் வருவதாகவும் இருக்கலாம்.

பழைய டேம்பர் வாங்கினால், பூட்டும் முன் காற்று எடுத்துப் புது எண்ணெய் நிரப்ப வேண்டும். உள்ளே எண்ணெயைத் தாங்கும் ரப்பர் பை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விற்கிறவர் தண்டை மெதுவாக அமுக்கிக் காட்டும்போது சளக் சளக் என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

தேயிலைத்தடம்:

அந்தப் படிக்கட்டு முக்கியம்தான். பெங்களூரில் ஒருவர் லிரிக்கிலிருந்து கழற்றிய சார்ஜர் டேம்பரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 160 மில்லிமீட்டர் ஃபோர்க்கிலிருந்து எடுத்தது என்கிறார். என் ஃபோர்க் 150. அது பொருந்துமா, அல்லது டேம்பரின் நீளம் டிராவலுக்கு ஏற்ப மாறுமா?

எண்ணெய்க்கை:

இந்தக் குடும்ப ஃபோர்க்குகளில் டிராவலைத் தீர்மானிப்பது காற்றுத் தண்டின் நீளம். டேம்பரை டிராவலுக்கு ஏற்ப மாற்றுவதில்லை. ஆனால் சக்கர அளவைக் கேளுங்கள். 27.5 அங்குலமா 29 அங்குலமா என்று பார்த்து, உங்கள் ஃபோர்க்குக்குப் பொருந்துமா என்பதைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.